உயர்த்திய ஒற்றைச் செருப்பு: பங்க் ராக் இரவொன்றில் கழன்ற காலணிகளின் நெறி குறித்த ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கூட்டத்தின் நடுவே ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். நகராட்சிக் கூட்டமானாலும் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தானாலும் அந்தப் பொருள் மாறாது. அடுத்து ஓடப்போவது தூக்கியவரா எதிரே நிற்பவரா என்பது மட்டுமே இடத்துக்கு இடம் மாறும்.

இதே சைகைக்கு நேர்மாறான பொருள் வழங்கும் நிலப்பகுதி ஒன்று உண்டு என்பதை இவ்வாய்வாளர் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு கண்டறிந்தார். இடம்: கலிஃபோர்னியா, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை. நிகழ்வு: உள்ளூர்க் குழுக்கள் ஐந்து வாசித்த பங்க் ராக் கச்சேரி. ஆய்வுக் கருவி: இவ்வாய்வாளரின் இடக்கால் செருப்பு.

பின்புலம் சுருக்கமாக. 34 ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, மகள் வீட்டில் 6 மாதம் தங்கியிருந்த காலம் அது. 16 வயதுப் பேத்தி வந்து, "தாத்தா, பெரியவங்க யாராவது கூட வந்தாத்தான் அம்மா விடுவாங்களாம். நீங்க சும்மா ஓரமா உட்கார்ந்திருந்தா போதும்" என்றாள். அங்கே உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது என்பது ஆய்வின் முதல் முடிவு.

கருதுகோள்கள் மூன்று. ஒன்று, பங்க் கச்சேரியில் கழன்ற செருப்பு உரியவரிடம் திரும்பும். இரண்டு, அது தற்செயலாகத் திரும்புவதில்லை, ஒரு விதிப்படி திரும்புகிறது. மூன்று, அந்த விதியைக் கட்டிக் காப்பவர்கள், விதியே கூடாது என்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பவர்கள்.

2. முன்னோர் ஆய்வுகள்

மிதியடி ஆராய்ச்சி தமிழகத்துக்குப் புதிதன்று. பரதன் இராமனின் பாதுகைகளைப் பெற்றுத் தலைமேல் சூடிய செய்திக்குக் கம்பர் 'திருவடி சூட்டு படலம்' என்று தனிப் படலமே ஒதுக்கினார். ஒரு சோடி மிதியடி 14 ஆண்டுகள் அரசாண்டதும், அவ்வாட்சியின்மீது ஒரு புகாரும் எழாததும் நிர்வாக வரலாற்றில் கவனிக்கத்தக்கவை. வேதாந்த தேசிகர் திருவரங்கநாதரின் பாதுகைமீது வடமொழியில் 1,008 சுலோகங்கள் செய்தார். அதை ஒரே இரவில் முடித்தார் என்பது வைணவ மரபு. பெருமாள் கோயிலில் தீர்த்தம் தந்தபின் பட்டர் நம் தலையில் வைத்து எடுக்கும் சடாரியிலும் இருப்பது திருவடிதான்.

ஆக, காலணி தலைக்கு மேலே போவது நமக்குப் பழக்கமான காட்சியே. ஆனால் மேற்கண்ட மூன்றிலும் அது யாருடையது என்பதில் ஐயமில்லை. யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பைத் தலைக்கு மேல் தூக்குவது பற்றி நூலோர் ஒன்றும் சொல்லாமல் விட்டனர். ஆய்வு இடைவெளி இங்கே இருக்கிறது.

மேலைநாட்டாரும் களத்தை நெருங்கி வந்து, காலணியைக் கோட்டைவிட்டார்கள். 2013இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர் நால்வர், இத்தகைய கச்சேரிகளில் ஆடுவோரின் இயக்கத்தை ஆராய்ந்து 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹெவி மெட்டல். பங்க் அதற்குப் பங்காளி முறை. தாறுமாறாக முட்டி மோதுவோரின் வேகங்கள், ஒரு வாயுவின் மூலக்கூறுகளுக்குச் சொல்லப்படும் அதே பரவலில் அமைந்திருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. சில வேளைகளில் கூட்டம் ஒரே வட்டமாய்ச் சுழலத் தொடங்கும் என்பதையும், அவ்வட்டங்களில் பெரும்பாலானவை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன என்பதையும் பதிவு செய்தார்கள். அதாவது நாம் கோயிலை வலம் வருகிறோம். இவர்கள் எதையும் சுற்றாமலே இடம் வருகிறார்கள். மூலக்கூறுகளுக்குக் காலணி இல்லாமையால் செருப்பு அந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை.

3. கலைச்சொல் விளக்கம்

முட்டி மோதி ஆடும் இடத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'மோஷ் பிட்'. வாஷிங்டனைச் சேர்ந்த பேட் பிரெய்ன்ஸ் குழுவின் பாடகர் நசுக்குதலைக் குறிக்கும் 'மேஷ்' என்ற சொல்லை ஜமைக்கா ஒலிப்பில் சொல்ல, கேட்டவர் காதில் அது 'மோஷ்' ஆயிற்று என்பர். செவிவழி மரூஉ என்க. 'பிட்' என்றால் குழி. 34 ஆண்டுகள் தேர்வு மேற்பார்வை பார்த்தவருக்கு இச்சொல் வேறொரு பொருள் தரும். பேத்தி, "பிட்டுக்குள்ள போறேன் தாத்தா" என்றபோது இவ்வாய்வாளரின் கை அவள் பென்சில் பெட்டியைத் தேடியது. அங்கே குழியும் இல்லை, சமதரைதான். எனவே இக்கட்டுரையில் 'மோதுகளம்' எனப்படும்.

'பங்க்' என்பதற்குச் சுருக்கமான வரையறை: வேகமாகத் தொடங்கி, வேகமாக நடந்து, நாம் கைக்குட்டையை எடுப்பதற்குள் முடிந்துவிடும் இசை. நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். மொத்தம் சுமார் 29 நிமிடம். நம் வித்வான் கல்யாணியை ஆற அமர ஆலாபனை செய்து பல்லவிக்கு வருமுன் இவர்கள் ஆல்பத்தையே முடித்து, வேர்வை துடைத்து, வேனில் ஏறியிருப்பார்கள். மைனர் திரெட் குழு 1981இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' ஒரு நிமிடம்கூட ஓடாது. அப்பாடலின் பெயரால் குடியும் போதையும் கூடாது என்ற ஓர் ஒழுக்க நெறியே உருவாயிற்று. குறளடிக்கு நிகரான சுருக்கம்.

இலக்கணமும் எளிது. 1977 தொடக்கத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த 'சைட்பர்ன்ஸ்' என்ற ரசிகர் இதழ், கிட்டாரின் மூன்று கார்ட்ஸை வரைந்து காட்டி, இவ்வளவு தெரிந்தால் குழு தொடங்கலாம் என்றது. பலரும் இப்படத்தை 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற வேறோர் இதழின்மேல் ஏற்றிச் சொல்வர். தனிப்பாடல்களை எல்லாம் ஔவையார் கணக்கில் எழுதிய நாம் இதில் குறை காண இயலாது.

4. விதிகளின் வரலாறு

இவ்வாய்வு நிகழ்ந்த கூடத்தின் பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வட்டாரத்துக் கூடங்களுக்கெல்லாம் தாய்வீடு போன்றது பெர்க்லி நகரின் கில்மன் தெரு 924ஆம் எண். 1986 டிசம்பர் 31 இரவு அங்கே முதல் கச்சேரி நடந்தது. 'மேக்சிமம் ராக்கன்ரோல்' இதழை நடத்திய டிம் யோஹன்னனும் தோழர்களும் தொடங்கிவைத்த இடம். முதலாளி கிடையாது, தொண்டர்கள் நடத்துவது. எல்லா வயதினரும் வரலாம். உறுப்பினர் அட்டை நெடுங்காலம் 2 டாலர்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சுவரில் பெரிய எழுத்தில் எழுதிய விதிப் பட்டியல். குடி, போதை, வன்முறை கூடாது. இனவெறியும் பெண்ணிழிவும் பால்விருப்பம் பற்றிய இழிவும் கூடாது. இத்தனை 'கூடாது'களை ஒரே சுவரில் இவ்வாய்வாளர் கல்லூரி விடுதியில்தான் பார்த்திருக்கிறார். அதே கட்டடத்தில் பக்கத்து வாசல் நெடுங்காலம் ஒரு பிரம்புக் கடையாக இருந்தது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் கடைதான். எனினும் நம் பள்ளிகளில் படித்து வந்த எவருக்கும் இந்த அண்டை அமைப்பில் ஆழ்ந்த பொருள் தோன்றாமல் இராது.

பெரிய நிறுவனங்களின் குழுக்கள் அங்கே வாசிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த மேடையிலேயே வளர்ந்த கிரீன் டே 1990களில் பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டதும் விதி அவர்கள்மீதும் பாய்ந்தது. அவர்களின் 'டூக்கி' ஆல்பம் 1994இல் உலகெங்கும் விற்றுக் குவிந்தபோதும் தாய்வீட்டு வாசல் மூடியே கிடந்தது. 2015இல் ஒரு நிதியுதவிக் கச்சேரிக்காகத்தான் திரும்ப வந்து வாசித்தார்கள். மனுநீதிச் சோழனைப் பாடத்திட்டத்தில் வைத்த நாம் இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

பங்க் இளைஞர்கள் கையில் எக்ஸ் குறி இடும் வழக்கத்துக்கும் இதே வட்டாரத்தில் வேர் உண்டு. 1980இல் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் குழுவினர் சான் பிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் அரங்குக்கு வந்தபோது, வயது குறைந்தவர்கள் என்பதால் மது கொடுத்துவிடாமல் இருக்க அவர்கள் கையில் கறுப்பில் எக்ஸ் போட்டார்கள். தடையாகப் போட்ட குறியை அவர்கள் ஊருக்கு எடுத்துப்போய்ப் பெருமைச் சின்னமாக்கினார்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி குழுவோ, களத்தில் முரட்டுத்தனம் செய்பவரைக் கண்டால் பாட்டை நடுவில் நிறுத்தி, கட்டணம் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவந்தது. அரசு இயந்திரத்தைத் திட்டிப் பாடியவர்கள், நம் அரசு அலுவலகங்களைவிட ஒழுங்காகப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

5. காலணி வகைப்பாடு

தமிழில் 'கழல்' என்பது பெயராயின் வீரர் காலில் அணிவது; வினையாயின் நழுவுவது. அணிவதும் நழுவுவதும் ஒரே சொல் என்று வைத்த முன்னோர் ஏதோ ஒரு மோதுகளத்தைக் கண்டிருக்க வேண்டும். களத்துக் காலணிகள் மூவகை.

முதலாவது, கழலாதன. டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் இவ்வகை. ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் அடிபட்ட தன் கணுக்காலுக்காக வகுத்த மெத்தை அடி, இங்கிலாந்தில் பூட்ஸாகியது. எட்டுத் துளை, இறுகிய நாடா. அதன் புகழ்பெற்ற வகைக்கு 1460 என்று பெயர். 1960 ஏப்ரல் 1 பிறந்தநாள் என்பதன் சுருக்கம். இது காலைவிட்டுக் கழலாது, பிறர் காலைத்தான் பதம்பார்க்கும்.

இரண்டாவது, கழல்வன. கான்வர்ஸ் துணிக்காலணியும், 1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின் நாடா இல்லாத வகையும் இதில் அடங்கும்.

மூன்றாவது, கழல்வதற்கென்றே வருவன. காலுறைமேல் போட்ட தோல்செருப்பு. கூடத்தில் இவ்வகைக்கு ஒரே எடுத்துக்காட்டுதான் இருந்தது. அது பேத்தியின் தாத்தா காலில் இருந்தது.

6. கள ஆய்வு

வாசலில் ஒரு பெண் கையில் முத்திரை குத்தி, கண்ணாடிச் சாடியிலிருந்து மஞ்சள் நிறக் காதடைப்பான்கள் இரண்டு எடுத்துத் தந்தாள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். நாங்கள் இருந்ததோ 3 மணி நேரம். காதை அடைத்தபின் மொத்தக் கச்சேரியும் பக்கத்து வீட்டு மாவு மெஷின் போலக் கேட்டது, இனிமையாகவே இருந்தது.

உடை பற்றி ஒரு குறிப்பு. ஊக்கு, ஆணி பதித்த தோல் சட்டை, நெட்டுக்குத்தாக நின்ற பச்சை முடி ஆகியவற்றின் நடுவே இவ்வாய்வாளர் குளிருக்கு அணிந்திருந்த மங்கி குல்லாவை இருவர் வந்து பாராட்டினர். எங்கே வாங்கியது என்று கேட்டனர்.

மூன்றாவது குழு வந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார். அடுத்த நொடி நடுவில் நின்ற கூட்டம் பிளந்து களமாயிற்று. ஓரத்தில் நிற்பவர்கள் உள்ளங்கைகளை முன்னே நீட்டிச் சுவர்போல நின்று, வந்து விழுபவர்களைத் தாங்கி மறுபடி உள்ளே தள்ளினார்கள். ஒருவன் கால் இடறி விழுந்தான். அவன் தரையைத் தொட்ட அதே கணத்தில் நான்கு கைகள் அவன் அக்குளில் இருந்தன. தூக்கி நிறுத்தி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, பழையபடி அவனை இடித்துத் தள்ளினார்கள். இடிப்பதும் எடுப்பதும் ஒரே கை.

வட்டம் சுழலத் தொடங்கியது. விளிம்பு விரிந்து இவ்வாய்வாளர் ஒதுங்கி நின்ற தூண்வரை வந்தது. ஒரு பூட்ஸ் குதிகாலை மிதித்தது. காலுறை மட்டும் தரையில் நிற்பதை உணர்ந்து குனிவதற்குள், 800 ரூபாய்ச் செருப்பு கூட்டத்தின் கால்களிடையே புகுந்து வட்டத்தோடு புறப்பட்டுவிட்டது. இடக்கால் செருப்பு இடம் வந்தது.

பாட்டு ஒன்றே கால் நிமிடத்தில் முடிந்தது. ஆறடிக்கு மேல் உயரமும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக ஒருவன் களத்தின் நடுவே நின்றான். அவன் கையில், தலைக்கு மேலே, இவ்வாய்வாளரின் செருப்பு. அதைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

இவ்வாய்வாளர் ஓரடி பின்வாங்கினார். நெடுநாள் முன்பு ஒரு பட்டிமன்றத்தில் தீர்ப்புச் சொன்ன மாலை நினைவுக்கு வந்தது.

"தாத்தா! அது உங்க செருப்பு! கையைத் தூக்குங்க!" என்று கத்தினாள் பேத்தி.

கை உயர்ந்தது. அவன் முகம் மலர்ந்தது. செருப்பு அவனிடமிருந்து ஒரு கைக்கும், அங்கிருந்து இன்னொரு கைக்குமாக ஆட்களின் தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது. கடைசியாக வாங்கியது 12, 13 வயதுப் பெண். அதைக் காலருகே வைத்து, திசை சரியாக இருக்கும்படி ஒருமுறை திருப்பியும் வைத்துவிட்டுப் போனாள். பிறர் செருப்பைத் தொட்டதற்காக யாரும் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

7. ஒப்பாய்வு

கல்யாண மண்டபத்து வாசலை எடுத்துக்கொள்வோம். அங்கே மோதல் இல்லை, சுழற்சி இல்லை, நாதஸ்வரம் மட்டுமே. ஆனாலும் செருப்பு திரும்புவதில்லை. போனவர் நம்முடையதைவிடச் சற்றே தேய்ந்த, அரை அளவு சிறிய ஒன்றை விட்டுப் போயிருப்பார். கோயிலில் தொலைந்தாலோ, "விடுங்க, பீடை ஒழிஞ்சுது" என்று ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. தேடித் தர ஆள் இல்லை. பீடை என்ற கோட்பாடு, செருப்பு தொலைவதைத் தடுக்க இயலாத ஒரு சமூகம் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட இழப்பீடு என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இருவேறு கூட்டங்களுக்கும் வேறுபாடு யாதெனின், மண்டபத்தில் வாசலுக்கு வெளியே நடப்பது யாருடைய பொறுப்பும் அல்ல. மோதுகளத்தில் வாசலுக்குள் நடப்பது எல்லாருடைய பொறுப்பு. ஒருவரை இடிப்பதற்கான உரிமை, அவரை எடுத்து நிறுத்துவேன் என்ற ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது. ஒப்பந்தம் உறுதியாக இருப்பதால்தான் ஆட்டம் அவ்வளவு கட்டற்றதாக இருக்க முடிகிறது.

8. பிழைதிருத்தம்

முதல் இயலில், செருப்பைக் கையில் தூக்குவதற்கு நம் ஊரில் ஒரே பொருள்தான் என்று எழுதப்பட்டுள்ளது. அது பிழை. இன்னொரு பொருள் உண்டு. சில தெருக்களைக் கடக்கும்போது சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நடக்க வேண்டியிருந்தது. இவ்வாய்வாளரின் சொந்த ஊரிலும் அப்படி ஒரு தெரு இருந்தது. இவ்வாய்வாளரின் வீடு அந்தத் தெருவில் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்த சிறுவனுக்கு அதில் விளங்காதது எதுவும் இருந்ததாக நினைவில்லை.

தரவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இது இங்கே சேர்க்கப்படுகிறது.

9. முடிவுகளும் மேலாய்வும்

கருதுகோள்கள் மூன்றும் மெய்ப்பிக்கப்பட்டன. மாதிரியின் அளவு ஒரு செருப்பு என்று புறத்தேர்வாளர் ஆட்சேபிக்கலாம். அன்றிரவு கண்ணால் கண்டவை மேலும் இரண்டு காலணிகள், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு வீட்டுச் சாவிக்கொத்து. நான்கும் தூக்கப்பட்டன, நான்கும் போய்ச் சேர்ந்தன. ஏப்பமிட்டபடி உண்ட இலையை மூடிவிட்டு எழும் நாகரிகத்துக்கும், கச்சேரி முடிந்ததும் பாடகரே துடைப்பம் எடுத்துக் கூடத்தைப் பெருக்கும் நாகரிகத்துக்கும் இடையே ஒப்பாய்வு செய்ய விரும்புவோர் முன்வரலாம். காலுறையில் ஒட்டிவந்த பொருள்கள் பற்றிய ஆய்வு மகளின் தலையீட்டால் கைவிடப்பட்டது.

பின்னிணைப்பு

ஐந்தாவது குழுவின் கடைசிப் பாட்டு. இவ்வாய்வாளர் அதே தூணருகில், இரு செருப்பின் வாரையும் இறுக்கிப் போட்டு நின்றிருந்தார். கால்களின் நடுவிலிருந்து ஒரு துணிக்காலணி உருண்டு வந்து முன்னே கிடந்தது. வெள்ளையாய் இருந்தது. குதிகால் தேய்ந்து, உள்ளே வேர்வையில் நனைந்திருந்தது.

முழங்கால் வலியோடு குனிய வேண்டியிருந்தது. யாருடையது என்று தெரியாத ஒரு காலணியைக் கையால் எடுப்பது 71 ஆண்டுகளில் இதுவே முதல்முறை. நிமிர்ந்து, கையை நீட்டி, மங்கி குல்லாவுக்கு மேலே எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் அதைத் தூக்கிப் பிடித்தேன்.

யாரும் விலகி ஓடவில்லை. களத்தின் மறுகோடியிலிருந்து ஒரு பையன், ஒற்றைக் காலில் நொண்டியபடி, சிரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான்.